பாதாளத்துக்கு ஒரு சொம்புத் தண்ணீர்

அந்த நாடகத்தில் பிச்சைக்காரனுக்கு வசனம் கிடையாது. இயேசு சொன்ன கதையிலேயே அவன் வாய் திறப்பதில்லை. பணக்காரன் வாசலில் புண்ணோடு கிடப்பான், நாய்கள் நக்கும், சாவான், தேவதூதர்கள் தூக்கிப்போய் முற்பிதாவின் மடியில் உட்கார வைப்பார்கள். பணக்காரனும் சாவான். அவன் போவது பாதாளத்துக்கு. நெருப்பில் கிடந்துகொண்டு, அந்தப் பிச்சைக்காரனை அனுப்புங்கள், விரல் நுனியைத் தண்ணீரில் தோய்த்து என் நாக்கைக் குளிர்விக்கட்டும் என்று கெஞ்சுவான். முடியாது, நமக்கு நடுவே பெரிய பிளப்பு இருக்கிறது என்று முற்பிதாவிடமிருந்து பதில் வரும். கதை கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில், வாய்க்கால் கரையோரம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சிறிய சபை எங்களுடையது. மே மாத விடுமுறையில் பிள்ளைகளுக்கு வேத வகுப்பு நடக்கும். கடைசி நாள் சாயங்காலம் பெற்றோரை வரவழைத்து ஒரு நாடகம் போடுவோம். நான் ஞாயிறு பள்ளி ஆசிரியை என்பதால் நாடகம் என் பொறுப்பு. போன வருஷம் பாஸ்டரே கதையைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்.

“நரகம்னா என்னன்னு ஜனங்க மறந்துட்டாங்க சிஸ்டர். கண்ணால பாக்கட்டும்” என்றார்.

எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை. மறக்க முடியாதபடி அவர்தான் செய்திருந்தார்.

என் அப்பா ரிக் வண்டிக்காரர். திருச்செங்கோட்டு வண்டியில், ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகிற வேலை. ராஜஸ்தான், சத்தீஸ்கர் என்று போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். நான் சின்னவளாக இருக்கும்போது அம்மாவுக்கு வந்த நோய் ஜெபத்தில் தீர்ந்தது என்று அம்மா சபைக்குப் போக ஆரம்பித்தாள். என்னையும் கூட்டிப்போனாள். அப்பா ஊரில் இருக்கும் ஞாயிறுகளில் எங்களைத் தன் பைக்கில் கொண்டுவந்து சபை வாசலில் இறக்கிவிட்டு, ஆராதனை முடிகிறவரை எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். உள்ளே வரமாட்டார். “எனக்கு என் குலசாமி போதும் கண்ணு. உங்க சாமிய நான் எதுக்குத் தொந்தரவு பண்ணோணும்?” என்பார்.

ராஜஸ்தானில் ஒரு ஊரில், மூன்று இடத்தில் பொய்த்துப் போய் நான்காவது குழியில் தண்ணீர் பீறிட்டபோது, அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் சேற்றுத் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி அப்பாவின் தலையில் ஊற்றி அழுதாராம். அவர் பேசியது அப்பாவுக்குப் புரியவில்லை. “அதாம்புள்ள நான் எடுத்த ஞானஸ்நானம்” என்று அம்மாவைச் சீண்டுவார். அம்மா முறைப்பாள். அப்புறம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

போன வருஷம் தை மாதம், டீக்கடையிலிருந்து வந்தவர் நெஞ்சு வலிக்கிறது என்றார். நாமக்கல் போய்ச் சேர்வதற்குள் போய்விட்டார். பங்காளிகள் அவர்கள் முறைப்படி எல்லாம் செய்தார்கள். அம்மா ஓரமாக நின்றாள்.

ஒரு மாதம் கழித்து பாஸ்டர் வீட்டுக்கு ஜெபிக்க வந்தார். சின்ன வயசுக்காரர், என்னைவிட இளையவர். நல்லவர். அதை நான் இப்போதும் சொல்வேன். யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் சேலம் ஆஸ்பத்திரிவரை பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பார். ஜெபம் முடிந்ததும் அம்மா அவரிடம் கேட்டாள்.

“ஐயா, அவரு இப்ப எங்கீங்க இருப்பாரு?”

“அம்மா, வேதத்துல இருக்கறதைத்தான் நான் சொல்ல முடியும். இயேசுவை ஏத்துக்காம போனவங்களுக்கு அவியாத அக்கினிதான். மனசு கஷ்டமா இருக்கும். இருக்கறவங்களுக்காக ஜெபிப்போம்.” சொல்லும்போது அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

அன்றிலிருந்து அம்மா ஃபேன் போடுவதை நிறுத்தினாள். பங்குனி போய், சித்திரை வந்து, ஓட்டு வீடு அடுப்பு மாதிரி காய்ந்தது. நான் போய் சுவிட்சைப் போடுவேன். அவள் எழுந்து அணைப்பாள்.

“அவரு அங்க வெந்துட்டு இருக்கறாரு. எனக்கு எதுக்குக் கண்ணு காத்து?”

எனக்கு வந்தது துக்கம் இல்லை, கோபம். வேர்க்குரு பொரிந்த அம்மாவின் முதுகில் பவுடர் போட்டுவிட்டுக்கொண்டே பல்லைக் கடித்தேன். எந்தச் சாமியும் என் அம்மாவை இப்படி உட்கார வைக்கக் கூடாது. என் சாமி நிச்சயமாகக் கூடாது.

அந்தக் கோபத்தோடு வேதத்தை எடுத்து வைத்துப் படித்தேன். ஆறுதலுக்காகப் படிக்கவில்லை, சண்டைக்காகப் படித்தேன். பணக்காரன் கதையில் நம் தமிழ் வேதம் நரகம் என்று சொல்லவில்லை, பாதாளம் என்கிறது. அதே பாதாளத்துக்குத்தான், மகன் செத்துவிட்டதாக நினைத்த வேறொரு முற்பிதா, துக்கத்தோடு அவனிடம் இறங்கிப் போகிறேன் என்று அழுகிறார். அவரை யாரும் நெருப்பில் போடவில்லை. நரகம் என்று எழுதியிருக்கிற இடங்களில் இயேசு வாயிலிருந்து வந்தது எருசலேமுக்கு வெளியே இருந்த ஒரு பள்ளத்தாக்கின் பெயர் என்று அடிக்குறிப்பில் போட்டிருந்தது. அந்தப் பள்ளத்தாக்கைத் தேடிக்கொண்டு பழைய ஏற்பாட்டுக்குப் போனேன். ஜனங்கள் தங்கள் சொந்தப் பிள்ளைகளை நெருப்பில் போட்டுப் பலி கொடுத்த இடம் அது. அதைப் பார்த்துக் கடவுள், இதை நான் கேட்கவும் இல்லை, இப்படி ஒன்று என் மனசில் தோன்றவும் இல்லை என்று தீர்க்கதரிசி மூலமாகச் சொல்கிறார். அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு அழுதேன். பிள்ளைகளை எரிப்பது மனசிலேயே தோன்றாத ஒருவர், அதே வேலையை முடிவில்லாமல் செய்வாரா?

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். “நீ படிச்சவ. பாஸ்டரய்யாவும் படிச்சவருதான” என்றாள். ஃபேன் ஓடவில்லை.

இந்த நிலையில்தான் நாடகம் வந்தது. பிச்சைக்காரனாக நடிக்க இருந்த பையனுக்கு அம்மை போட்டுவிட, வசனமில்லாத வேஷம்தானே என்று கிழிந்த போர்வையைச் சுற்றிக்கொண்டு நானே உட்கார்ந்தேன். முற்பிதா வேஷம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு. பணக்காரனாகக் கறிக்கோழிக் கடை வைத்திருக்கிற அண்ணன் ஒருவர். நல்ல கனத்த உடம்பு, நல்ல குரல். மேடையின் ஒரு பக்கம் மோட்சம்: வெள்ளைத் துணி, பழத்தட்டு, தலைமையாசிரியருக்குத் தொண்டை வறண்டால் குடிக்க ஒரு சொம்பில் தண்ணீர். இன்னொரு பக்கம் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வாடகைக்கு எடுத்த புகை மெஷினும் சிவப்பு ஃபோகஸ் லைட்டும். நடுவில் பிளப்புக்காக லாரித் தார்ப்பாய் ஒன்றைக் கறுப்புப் பக்கம் மேலே தெரிய விரித்திருந்தோம்.

காற்று துளியும் இல்லாத சாயங்காலம். அண்ணன் அந்த லைட்டுக்கடியில், பட்டு வேட்டியும் ஜரிகைச் சால்வையுமாக, நிஜமாகவே வெந்துகொண்டிருந்தார். வேர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. எழுதிக் கொடுத்த வசனத்தை மறந்துவிட்டார்.

“ஒரு சொட்டுத் தண்ணி கொடுங்க சாமி! நாக்கு ஒட்டிக்கிச்சுங்க! கும்புட்டுக் கேக்கறனுங்க!” என்று நம் ஊர்ப் பேச்சில் கத்தினார்.

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் மறுபடி கத்தியபோது சிரிப்பு நின்றுவிட்டது. குரலில் நடிப்பு இல்லை. நான் கூட்டத்தைப் பார்த்தேன். அம்மா எழுந்து நின்றிருந்தாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டியிருந்தாள், ஏதோ விழப்போவதைப் பிடிக்கிற மாதிரி.

யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். சொம்பை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

“ஏம்மா, உக்காரு. உனக்கு வேலை இல்ல இங்க” என்று தலைமையாசிரியர் ஒட்டுத் தாடிக்குள்ளிருந்து முணுமுணுத்தார்.

தார்ப்பாயை மிதித்து நடந்தேன். அது சரசரவென்று சத்தம் போட்டது. அண்ணன் மண்டி போட்டிருந்தார். என்னைப் பார்த்து முழித்தார். சொம்பை நீட்டினேன். வாங்கி, அண்ணாந்து, ஒரு சொட்டு விடாமல் குடித்தார். குடித்து முடித்து என்ன செய்வதென்று தெரியாமல், “நல்லா இருங்க சாமி” என்று என்னைக் கும்பிட்டார்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். பெரியவர்களில் சிலரும். பாஸ்டர் மேடையில் ஏறி, சிவப்பு லைட்டை அணைக்கச் சொல்லி, “கண்களை மூடுவோம்” என்றார்.

மறுநாள் மத்தியானம் நான் வீட்டுக்கு வந்தபோது ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அதன் கீழே பாயில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நான் எழுப்பவில்லை.

அந்த வாரமே சபை மூப்பர்கள் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சபை முன்னால் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள்.

“வேத வசனத்தை மாத்திட்டீங்க சிஸ்டர்” என்றார் பாஸ்டர். “அவியாத அக்கினின்னு இயேசுவே சொல்லியிருக்காரு. அதை உவமைன்னு சொன்னா, நாளைக்குப் பரலோகமும் உவமைம்பீங்க.”

“அதே இடத்துல, கை பாவம் செஞ்சா வெட்டிப் போடு, கண்ணு பாவம் செஞ்சா பிடுங்கிப் போடுன்னும் சொல்லியிருக்காருங்க. நம்ம சபையில எல்லாருக்கும் ரெண்டு கையும் இருக்குதே. அது உவமை, நெருப்பு மட்டும் நெசமுங்களா?”

ஒரு மூப்பர் இருமினார். பாஸ்டர் மற்றவர்களைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். அவர்கள் போனதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எங்கப்பாவும் ஏத்துக்காமத்தான் போனாரு” என்றார். “நான் பைபிள் காலேஜ்ல இருந்தேன். லீவுல போய்ச் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். நீங்க என்னமோ நான் சந்தோஷமா இதைப் பிரசங்கம் பண்றேன்னு நெனைக்கறீங்க. நெருப்பு நெசம்னு தெரிஞ்சதாலதான் தொண்டை கிழியக் கத்தறேன். வேற யாரும் அப்படிப் போயிடக் கூடாதுன்னு.”

அதை நான் எதிர்பார்க்கவில்லை. சண்டை போட வந்தவளுக்கு எதிரியின் காயத்தைக் காட்டினால் எப்படி இருக்கும்? ஆனாலும் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவருக்காகவே விட்டுக்கொடுக்கக் கூடாது என்று தோன்றியது.

“எனக்குத் தெரியாதுங்க ஐயா” என்றேன். “அங்க நெருப்பு இருக்குதோ இல்லையோ, நான் போய்ப் பாக்கல, நீங்களும் பாக்கல. இருந்துச்சுன்னாலும் நான் சும்மா உக்காந்து பழம் தின்னுட்டு இருக்க மாட்டேன். செத்ததும் பாதாளத்துல எறங்கிப் போனாருன்னு இயேசுவைப் பத்தியே நாம ஞாயித்துக்கிழமை எந்திரிச்சு நின்னு விசுவாச அறிக்கையில சொல்றம். அவரு போன எடத்துக்கு நான் தண்ணி கொண்டுபோகக் கூடாதுங்களா? அன்னைக்குக் கொண்டுபோனது எங்கப்பாவுக்குத்தான். வேணும்னா உங்கப்பாவுக்கும் சேத்துன்னு வெச்சுக்குங்க.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, “ஞாயிறு பள்ளி இனிமே உங்களுக்கு வேண்டாம். வேற ஆள் பாத்துக்கறேன்” என்றார். குரல் கடுமையாகத்தான் இருந்தது. மன்னிப்பைப் பற்றி மட்டும் அவர் மறுபடி பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

வேறு சபைக்குப் போய்விடு என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். எதற்குப் போக வேண்டும்? என்னை அங்கே யாரும் பிடித்துக் கொண்டுவந்து உட்கார வைக்கவில்லை, யாரும் எழுப்பிவிடவும் முடியாது. ஞாயிறு தவறாமல் போகிறேன். முன்வரிசையில் உட்காருகிறேன். அக்கினியைப் பற்றிப் பிரசங்கம் வரும்போது பாஸ்டரை நேராகப் பார்க்கிறேன். அவரும் பார்க்கிறார், சில நாள் தொடர்ந்து பேசுகிறார், சில நாள் பக்கத்தைப் புரட்டி வேறு வசனத்துக்குப் போய்விடுகிறார்.

இந்தத் தை மாதம், அப்பா போய் ஒரு வருஷம் ஆன வாரம், ஆராதனையில் சாட்சி சொல்கிற நேரம். வழக்கமாகப் பரீட்சையில் பாஸானது, காய்ச்சல் நின்றது என்று நன்றி சொல்வார்கள். அம்மா எழுந்து நின்றாள். சபையில் அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

“என்ற ஊட்டுக்காரருக்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரமுங்க” என்றாள். “நல்ல மனுசனுங்க அவரு. எங்க இருந்தாலும் அவரைக் கர்த்தரே பாத்துக்கட்டும்.”

செத்தவர்களுக்காக எங்கள் சபையில் ஜெபிப்பதில்லை. யாரும் அசையவில்லை. கறிக்கோழிக் கடை அண்ணன் மட்டும் திரும்பி அம்மாவைப் பார்த்தார். பாஸ்டர் மைக்கைப் பிடித்தபடி நின்றார்.

நான், கூரை அதிர, “ஆமென்” என்றேன்.