கூரை வழியாக வந்தவள்

என் மகள் படிக்கும் பள்ளியில் பெற்றோர்களுக்கென்று ஒரு வாட்ஸாப் குழு இருக்கிறது. சென்ற மாதம் அதில் ஓர் அறிவிப்பு வந்தது. புதிதாக வெளியான புத்தகங்களில் பிள்ளைகளுக்கு ஒன்று, பெரியவர்களுக்கு ஒன்று என்று ஒவ்வொரு வீட்டாரும் இரண்டைப் பரிந்துரைக்க வேண்டுமாம். மற்றவர்கள் பத்தே நிமிடத்தில் அட்டைப் படங்களை அனுப்பிவிட்டார்கள். நான் மட்டும் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. இதே வேலையைப் பத்து வயதில் ஒருமுறை செய்து, அதன் பலனாக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் திருப்பதி வெயிலில் அலைந்தவள் நான். அந்த பயம் இன்னும் விட்டுப்போகவில்லை.

அப்போது நாங்கள் சித்தூரில் இருந்தோம். மாம்பழக் கூழ் பேக்டரி ஒன்றில் என் நைனா, அதாவது அப்பா, வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் படித்த பள்ளிக்கூடம் முழுக்கத் தெலுங்கு. அதன் பின்பக்கத்தில், சைக்கிள் நிறுத்தும் இடத்தை ஒட்டி, தமிழ்ப் பிள்ளைகளுக்கு மூன்று வகுப்பறைகள். நூலக வாரம் வந்தபோது எங்கள் டீச்சர் ஒரு திட்டம் போட்டார். தினம் காலை பிரேயரில் ஒரு பிள்ளை மேடையேறி, புதிதாக வந்த புத்தகங்களில் சின்னவர்களுக்கு ஒன்றும் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒன்றும் சிபாரிசு செய்ய வேண்டும். எப்படிப் பேசுவது என்றும் சொல்லிக்கொடுத்தார். பெயர், எழுதியவர், கதைச் சுருக்கம். முடிவை மட்டும் சொல்லவே கூடாது. சொல்லிவிட்டால் யாரும் வாங்கமாட்டார்கள்.

சின்னவர்களுக்கான புத்தகத்தில் எனக்குச் சிக்கல் இல்லை. வகுப்பு அலமாரிக்குப் புதிதாக வந்திருந்த எறும்புக் கதை ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். பெரியவர்களுக்குத்தான் வழியில்லை. எங்கள் வீட்டில் பெரியவர்கள் புரட்டுகிற புத்தகம் என்று பார்த்தால் கேஸ் சிலிண்டர் புக் ஒன்றுதான். நைனாவிடம் கேட்டேன். "வண்டி ஓட்றவனுக்கு புக்கு எதுக்கும்மா" என்றார். எனவே ஒரு புத்தகத்தை நானே உண்டாக்கினேன்.

உண்டாக்கினேன் என்பதும் முழு உண்மையில்லை. கதை எங்கள் வீட்டிலேயே இருந்தது. அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, அந்த வருஷம் ஆனி மாதத்தில் ஒரு துணிப்பையோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அவளைக் குடுபல்லிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சித்தப்பா கல் குவாரியில் வேலை செய்தார். குடிப்பழக்கம் இல்லை, அடித்ததும் இல்லை. வேலைக்குக் கிளம்பும்போது மனைவியை உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடுவார். மாலை வந்துதான் திறப்பார். இரண்டு வருஷம் இப்படி. ஒரு நாள் காலையில் சின்னம்மா அடுப்பு மேடைமேல் ஏறி, கூரை ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளேயே சத்தமில்லாமல் அடுக்கி வைத்துவிட்டு, அந்த வழியாக வெளியே வந்து பஸ் ஏறிவிட்டாள். இதையெல்லாம் அவள் அடுக்களையில் அம்மாவிடம் சொல்லும்போது நான் அடுத்த அறையில் கணக்குப் போடுவதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

மேடையில் நான் அந்தப் பெண்ணை வேறு ஊருக்குக் கொண்டுபோனேன். கணவனைக் குவாரியிலிருந்து எடுத்து மில்லில் போட்டேன். மற்றபடி எல்லாம் அப்படியே. புத்தகத்தின் பெயர் 'கூரை வழியாக வந்தவள்' என்றேன். எழுதியவர் யார் என்று டீச்சர் கேட்டதும் எங்கள் தெருவில் ஊசி போடும் நர்சம்மாவின் பெயரைச் சொன்னேன். வெளியே வந்த அந்தப் பெண் அதன்பிறகு என்ன ஆனாள் என்பதை நீங்களே வாங்கிப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள் என்று முடித்தபோது, எறும்புக் கதைக்குக் கிடைக்காத கைதட்டல் கிடைத்தது. டீச்சர் புத்தகத்தின் பெயரைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். யாராவது அதைத் தேடிப் போனால் என்ன ஆகும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பக்கத்து வீட்டுப் பெண்ணும் என் வகுப்புதான். அன்று மாலை தண்ணீர்க் குழாயடியில் அவள் இதைச் சின்னம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். இரண்டு நாள் சின்னம்மா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் எனக்குத் தலை பின்னிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"இன்னாடி, இஸ்கூல்ல ஏதோ புக்கு சொன்னியாமே."

அடி விழப்போகிறது என்று நினைத்தேன். விழவில்லை. சீப்பு நிதானமாகத்தான் இறங்கியது.

"வெளிய வந்தாளே அந்தப் பொம்பள, அப்பறம் இன்னா ஆனா?"

"முடிவு சொல்லக் கூடாதுன்னு டீச்சர் சொல்லிக்கீறாங்க."

"நீ படிச்சியா?"

"படிச்சேன்."

"புக்கு எங்க கீது?"

அந்த வாரம் திருப்பதியில் புத்தகக் கண்காட்சி நடப்பதாகப் பள்ளியில் நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். வாயில் வந்ததைச் சொன்னேன். "திருப்பதியில கெடைக்கும்."

அந்த நாட்களில் வீட்டில் ஒரே பேச்சுதான். மாம்பழ சீசன் முடிந்து, இங்கே வந்தபின் பேக்டரியில் சின்னம்மாவுக்குக் கிடைத்திருந்த வேலையும் நின்றுபோயிருந்தது. சித்தப்பாவின் அண்ணன் போன் செய்து, அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நாலு பேரோடு வருவதாகவும், பேசி முடித்துப் பெண்ணை அழைத்துக்கொண்டு போவதாகவும் சொல்லியிருந்தார். நைனாவுக்கு அது நியாயமாகப் பட்டது. அம்மாவுக்கும் அப்படித்தான். "எத்தினி நாளைக்கி இங்கியே இருப்ப? இனிமே பூட்டமாட்டேன்றாரு இல்ல" என்று அம்மா தினமும் ஒரு முறையாவது சொன்னாள். சின்னம்மா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த நிலையில் அவள் திருப்பதிக்குப் புத்தகம் வாங்கப் போகிறேன் என்றதும் அம்மா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு, சாமியைக் கும்பிட்டுவிட்டு வரட்டும் என்று நினைத்தாளோ என்னவோ, என்னையும் கூட அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் முழுக்க மலைக்குப் போகிற ஜனங்கள். சின்னம்மாவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சந்திரகிரி தாண்டி மலை தெரிய ஆரம்பித்ததும் எல்லோரும் கோவிந்தா போட்டார்கள். நானும் போட்டேன். கண்காட்சி நேற்றோடு முடிந்திருக்க வேண்டும் என்பது என் வேண்டுதல்.

முடிந்திருக்கவில்லை. பெரிய மைதானத்தில் தகரக் கூரை போட்டு வரிசை வரிசையாகக் கடைகள். எல்லாம் தெலுங்கும் இங்கிலீஷும். சின்னம்மா முதல் கடையிலிருந்தே விசாரிக்க ஆரம்பித்தாள். "தமிழா? லேதம்மா, அந்தக் கடைசிக்குப் போய்ப் பாரு" என்று கை காட்டினார்கள். கடைசி வரிசையில் மூன்று தமிழ்க் கடைகள் இருந்தன.

முதல் கடையில் ஓர் இளைஞர் நோட்டைப் புரட்டிவிட்டு, அப்படி எதுவும் வரவில்லையே என்றார். என் காது சூடானது. சின்னம்மா அடுத்த கடைக்குப் போனாள். அங்கே கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் நோட்டு எதையும் புரட்டவில்லை.

"கூரை வழியாக வந்தவளா? நல்லாப் போற புக்கும்மா அது. காலைலதான் கடைசி காப்பி போச்சு."

நான் அவரை அண்ணாந்து பார்த்தேன். அவர் முகத்தில் கொஞ்சமும் சந்தேகமில்லை. மூன்றாவது கடையில் இருந்த அம்மாள் இன்னும் ஒரு படி மேலே போனார். புத்தகம் மறுபடி அச்சில் இருக்கிறதாம், அடுத்த மாதம் வந்துவிடுமாம், அதற்குள் இதே மாதிரி வேறொன்றைப் படித்துப் பார்க்கச் சொல்லி ஒரு தடிப் புத்தகத்தை நீட்டினார். வியாபாரிகள் 'இல்லை' என்ற சொல்லை எப்படியெல்லாம் சொல்வார்கள் என்று எனக்கு அன்று தெரியாது. அப்படியொரு புத்தகம் நிஜமாகவே வந்திருக்கிறது என்று கொஞ்ச நேரம் நானே நம்பினேன். நர்சம்மாவை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது.

மைதானத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கொண்டுவந்த புளிச்சோற்றைத் தின்றோம். சின்னம்மா இரண்டு வாய்க்குமேல் தின்னவில்லை. பொட்டலத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, "புக்கு தீந்துபோச்சி. நீதான் படிச்சிக்கீறியே, நீயே சொல்லு" என்றாள்.

"டீச்சர்..."

"டீச்சர் இங்க இல்ல."

எனக்குக் கால் வலித்தது. முடிவு எதுவும் என்னிடம் இல்லை. வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் எதை நல்லது என்று சொல்லிக்கொண்டிருந்தார்களோ அதுதான் பெரியவர்கள் புத்தகத்திலும் இருக்கும் என்று தோன்றியது. பாடப் புத்தகத்துக் கதைகளிலும் காணாமல்போனவர்கள் கடைசியில் வீடு திரும்பிவிடுவார்கள்.

"அவ திரும்பிப் போயிட்டா. ரெண்டு பேரும் சந்தோஷமா இருந்தாங்க."

சின்னம்மா என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"மறுபடியும் பூட்டினானா?"

"இல்ல. திருந்திட்டான்."

"எப்பிடித் திருந்தினான்?"

"தெரியல. அது புக்குல போடல."

"பிரிச்ச ஓட்ட யாரு போட்டாங்க?"

இதை நான் யோசித்திருக்கவில்லை. "அவளே போட்டுட்டா" என்றேன்.

சின்னம்மா எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "அது நல்ல புக்கு இல்ல. இனிமே யார்கிட்டயும் அத்தப் படிங்கன்னு சொல்லாத."

குரலில் கோபமில்லை; சந்தையில் சொத்தைக் கத்தரிக்காயைத் திருப்பி வைப்பதுபோல்தான் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. கைதட்டல் வாங்கிய புத்தகம் அது.

திரும்பும் வழியில் ஒரு தெலுங்குக் கடையில் நின்றாள். நன்றாகத் தெலுங்கு பேசுவாள், ஆனால் எழுத்துத் தெரியாது. தமிழ் மட்டும் ஐந்தாவது வரை. பக்கத்துக்கு ஓர் எழுத்தும் ஒரு படமும் போட்ட, அன்றுதான் கட்டுப் பிரித்த அரிச்சுவடி ஒன்றை எடுத்தாள். கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, இந்தப் பாப்பாவுக்கு இது சின்னதாயிற்றே என்று தெலுங்கில் சொன்னார். "பரவாலேது" என்று அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். நாலாவது படிக்கிற எனக்கு எழுத்துப் புத்தகமா என்று பஸ்ஸில் சித்தூர் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவள் அதைக் கவனிக்கவில்லை. மடியில் பையை வைத்துக்கொண்டு, தாண்டிப்போகிற கடைகளின் பெயர்ப் பலகைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி நாலு பேர் வந்தார்கள். சித்தப்பா உள்ளே வரவில்லை, வாசலில் வேனிலேயே இருந்தார். நைனா நாற்காலிகளை இரவல் வாங்கி வந்து போட்டார். அண்ணன்காரர் பொறுமையாக, நல்லவிதமாகத்தான் பேசினார். இனிமேல் பூட்டு கிடையாது, அதற்குத் தான் பொறுப்பு என்றார். எல்லோரும் அடுக்களை வாசலைப் பார்த்தார்கள்.

"நான் வரல" என்றாள் சின்னம்மா. "அந்த ஓட்ட அவரையே போட்டுக்கச் சொல்லுங்க."

நைனாவின் முகம் கறுத்தது. அம்மா உள்ளே போய்விட்டாள். வந்தவர்கள் காப்பியைக் குடிக்காமல் எழுந்தார்கள். வேன் கிளம்பிய பிறகு நைனா இரவல் நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்கப் போனார். நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். ஓடு என்ற வார்த்தையைக் கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது, இவ்வளவும் என் புத்தகத்தால் வந்த வினை. முடிவு பிடிக்காததால்தான் இவள் இப்படி அடம் பிடிக்கிறாள். அதைச் சரிசெய்ய வேண்டியது என் பொறுப்பு.

அந்த வாரம் முழுக்கப் பள்ளியிலும் வீட்டிலும் யோசித்து வேறொரு முடிவு தயார் செய்தேன். அந்தப் பெண் திரும்பிப் போவதில்லை. தெலுங்கு படிக்கிறாள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்கிறாள். தனி வீடு எடுத்துக்கொள்கிறாள். சாவி அவளிடமே இருக்கிறது. திருப்பதிக் கடைக்கார அம்மாள் மறுபடி அச்சாகி வரும் என்றாரே, அதில் இப்படித்தான் மாற்றியிருக்கிறார்களாம் என்று சொல்லிவிடலாம் என்றும் முடிவு செய்துவைத்திருந்தேன்.

தினமும் மாலையில் போய் சின்னம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். அவள் சுவரில் சாய்ந்து, என் பழைய சிலேட்டில் தெலுங்கு எழுத்துகளைச் சுழித்துச் சுழித்து எழுதுவாள், அழிப்பாள், மறுபடி எழுதுவாள். கொம்பு சரியாக வந்திருக்கிறதா என்று சில சமயம் என்னிடம் காட்டுவாள். அப்புறம் இன்னா ஆச்சி என்று அவள் கேட்கட்டும் என்று நான் காத்திருந்தேன். நல்ல முடிவை வைத்துக்கொண்டு எத்தனையோ நாள் காத்திருந்தேன். அவள் கேட்கவே இல்லை. திருப்பதி வரை போய் அத்தனை கடை ஏறி இறங்கியவள், அதற்குள் அந்தப் புத்தகத்தை எப்படி மறந்துபோனாள் என்று எனக்கு விளங்கவில்லை.