பேரனுக்குப் பின்னால் யார் பேர்

சுங்கை சிப்புட்டில் சடையனைத் தெரியாதவன் லாரியையே பார்த்திருக்க மாட்டான். நாலாம் வகுப்போடு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவப் போன ஆள், இன்றைக்கு ஆறு லாரிக்கு முதலாளி. எல்லா லாரிக் கதவிலும் அவர் பேர்தான். பிள்ளை பேருக்குப் பின்னால் அப்பன் பேர் வருவதுதான் வழக்கம். ஆனால் மகள் துளசியை அடித்துத் துரத்திய கோபிநாத்தின் பேர் எதற்கு? பேரன் 'ஆதவன் சடையன்' என்று முடிவு கட்டிவிட்டார்.

பேர் பதியப் புறப்பட்ட காலையில் கோபிநாத் பாராங் கத்தியோடு வாசலில் வந்து நின்றான்.

"என் மவன் பேருக்குப் பின்னால என் பேருதான் வரணும், மாமா!"

"ஒன் பேரா? அத என் லாரி டயர்லகூட எழுத மாட்டேன்லா!"

கோபிநாத் கத்தியை வீசினான். சடையனின் தோளில் சதை பிளந்தது. அவரா சளைப்பார்? சக்கரம் கழற்றும் ஸ்பேனரால் ஒரே போடு. முழங்கை எலும்பு உடைந்த சத்தம் பக்கத்து வீடு வரை கேட்டது. விழுந்தவன் வாயிலும் ஒரு மிதி. பல் ரத்தத்தோடு சிமெண்டில் தெறித்தது.

"இப்பச் சொல்லு துளசி, யார் பேரு?"

துளசி பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி வெளியே வந்தாள்.

"அவரு என்னை அடிச்சாரு. நீங்க அம்மாவ அடிச்சீங்க. ரெண்டு பேரு பேரும் வேணாம்ப்பா. பெத்தவ நான். என் பேரு இருக்கட்டும்."

ஸ்பேனர் பிடித்த கை தன்னால் உயர்ந்தது. துளசி ஓர் அடிகூடப் பின்வாங்காமல் அவர் கண்ணையே பார்த்தாள். ஊரில் எவனும் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

கை இறங்கியது. சடையன் கீழே கிடந்தவனிடம் திரும்பினார்.

"கேட்டுக்கிட்டியாடா? ஆதவன் துளசி! எம்மவ சொல்லிட்டா. மறுத்துப் பேசினா இன்னொரு கையையும் நீட்டு!"