நீலக் கதவுக்குப் போன கடிதங்கள்

கனடாவின் மொன்ட்ரியால்-நோர் பகுதியில், நிக்கராகுவாவுக்குப் பெட்டி அனுப்பும் கடையொன்றில் அல்போன்சம்மாவுக்குப் பத்து வருடமாக ஒரே வேலை. பெட்டிகளில் போஸ்டல் கோட் எழுதுவது. அந்த நாட்டுச் சனத்துக்குத் தங்கள் வீட்டுக் கோடே தெரியாது. கோட் இருக்கிறது, ஒருவரும் அதைச் சட்டை செய்வதில்லை. "தியேட்டர் இருந்த இடத்திலிருந்து ஏரிப்பக்கம் இரண்டு தெரு" என்பார்கள். தியேட்டர் ஐம்பது வருடத்துக்கு முன்னமே பூமியதிர்ச்சியில் விழுந்துவிட்டது. விழுந்தால் என்ன, முகவரி இன்னும் அங்கிருந்துதான் தொடங்கும்!

அந்தத் தியேட்டர் முகவரி அவருடைய மகன் ஜெனாட் சொன்னது. ஏஜென்சிக்காரனை நம்பி மட்டக்களப்பிலிருந்து கனடாவுக்கு வெளிக்கிட்டவன், வழியில் மனாகுவாவிலிருந்து போன் எடுத்தான். நீலக் கதவு வீட்டில் நிற்கிறானாம். அதற்குப் பிறகு பதினொரு வருடமாக ஒரு சத்தமும் இல்லை. கடைக்கு வரும் நிக்கராகுவாக்காரர் ஒருவர் தன் ஊருக்குப் போனபோது தேடிப் பார்த்தார். அங்கே வெறும் காணிதான் கிடக்கிறது என்றார்.

அல்போன்சம்மா கேட்பாரா? மாதம் ஒரு கடிதம் போட்டார். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

"ஆளில்லாட்டித் திரும்பி வந்திருக்கும்தானே? ஆரோ வாங்குறாங்க," என்பார்.

ஊரார் பெட்டிக்கெல்லாம் கோட் போடுகிற மனுசி, மகன் கடிதத்துக்கு மட்டும் போட்டதில்லை. கோட் போட்டால் தபால்காரன் சரியாகத் தேடிப் போவான், ஆளில்லையென்று கடிதத்தைத் திருப்பிவிடுவான். அந்தப் பயம்.

கடையில் பெட்டி நிறுக்கும் ஜெயனிதான் மனதை மாற்றினாள். "அன்ரி, கோட்டும் போட்டுப் பதிவுத் தபாலில அனுப்புங்கோ. வாங்கினவை கையெழுத்து வைச்ச அட்டை உங்களுக்குத் திரும்பி வரும்."

ஆறு கிழமையில் அட்டை வந்தது. கையெழுத்து இடத்தில் தமிழில் 'ஜெனாட்' என்றிருந்தது.

"அன்ரி, அண்ணை இருக்கிறார்!" ஜெயனி கட்டிப்பிடித்தாள்.

அல்போன்சம்மாவுக்குக் கண் நிறைந்தது. இன்னொருமுறை பார்த்தார்.

"இது அவன்ட எழுத்தில்ல, புள்ள. என்ட எழுத்து."

உறையில் மகன் பெயரை அவர் தமிழிலும் எழுதுவது வழக்கம். அதே சாய்வு, பேனா தடக்கிய இடத்தில் அதே தடக்கல். யாரோ உறையைப் பார்த்து அப்படியே கீறியிருக்கிறார்கள்.

"ஏன் அவை தங்கட பேரை வைக்கேல்லை?" என்றாள் ஜெயனி.

அடுத்த தடவை உள்ளே கடிதம் வைக்கவில்லை. உறையின் மேலேயே, "என்ட மகன் எங்க?" என்று பெரிதாக எழுதினார். கடை முதலாளியான நிக்கராகுவாப் பெண் அதையே கீழே ஸ்பானிஷில் எழுதிக் கொடுத்தாள். இனி விளங்கவில்லை என்று ஒருவரும் சொல்லமுடியாது. கோட்டை இரண்டு முறை சரிபார்த்துத் தபாலில் சேர்த்தார். மறுபடியும் ஆறு கிழமை போனது.

அட்டை வந்தது. ஸ்பானிஷில் ஒரு சொல்கூட இல்லை. கையெழுத்து வைக்கும் இடத்தில், அல்போன்சம்மாவின் அதே எழுத்தில், யாரோ அவரைக் கேட்டிருந்தார்கள்: "என்ட மகன் எங்க?"