சித்திரையில் கரைந்த படிகங்கள்

என் மனைவி என்ன வேலை பார்க்கிறாள் என்பதை ஊரில் சரியாகச் சொல்ல எனக்கு ஆறேழு வருடம் பிடித்தது. முதலில் ‘காலேஜ் டீச்சர்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தேனியில் பார்த்த கல்லூரி வேலையை விட்டுவிட்டு அவள் பெங்களூருக்குப் போன பிறகு ‘ஆராய்ச்சி’ என்றேன். என்ன ஆராய்ச்சி என்று கேட்டார்கள். ‘எக்ஸ்-ரே வச்சு...’ என்று நான் தொடங்கியதுமே பக்கத்துத் தோட்டக்காரர் முகம் மலர்ந்துவிட்டது.

“நல்லதாப் போச்சு. எங்க வீட்ல ஒரு வருசமா மூட்டு வலி, மூட்டு வலின்னு சொல்லிக்கிட்டு இருக்காக. அவுக லீவுல வரும்போது ஒரு படம் எடுத்துப் பாத்துரலாம்ல?”

அன்று மாலை போனில் இதைச் சொன்னேன். அவள் சிரித்து அடங்க நேரமானது. “மூட்டெல்லாம் ரொம்பப் பெருசுன்னு சொல்லுங்க. எனக்கு அம்புட்டுப் பெருசாப் பாக்கத் தெரியாது” என்றாள். சிரிப்பு நின்ற பிறகும் நான் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. எங்கள் திருமண வாழ்க்கையின் பெரும்பகுதி இப்படித்தான் போனது. போனின் இரண்டு முனைகளில், பேச்சு முடிந்த பிறகும் வைக்காமல்.

அவள் ஆண்டிபட்டிப் பக்கத்துப் பெண். வீட்டில் தறி ஓடியது. நான் கம்பத்துக்குத் தெற்கே திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவன். பெண் பார்க்கப் போன அன்று, அவள் என்னோடு தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டாள். தனியாக நிற்க இடம் தறிக்கூடம்தான் இருந்தது. அன்று ஏதோ அவசர ஆர்டர் போல. தறிகள் ஓடிக்கொண்டே இருந்தன. அந்தச் சத்தத்தில் மெதுவாகப் பேச வழியில்லை. வருங்கால மாமனார் காதிலும் விழுகிற மாதிரி அவள் கத்தித்தான் கேட்டாள்.

“ஆராய்ச்சிக்கு எடம் கெடச்சா நான் போவேன். தடுக்க மாட்டீகளே?”

“மாட்டேன்” என்று நானும் கத்தினேன்.

கிடைக்கவா போகிறது என்று மனதுக்குள் இருந்தது. இதை அவளிடம் இன்றுவரை சொன்னதில்லை.

திருமணமான மூன்றாவது மாதம் என்று நினைக்கிறேன். மாலை மங்கிக்கொண்டிருந்தது. திராட்சைப் பந்தலுக்கு அந்தப் பக்கம் மோட்டார் ரூமில் சின்ன பல்பு எரிந்தது. அவள் தன் பருத்திச் சேலையின் முந்தானையை ஒற்றை மடிப்பாக இழுத்து என் கண்ணுக்கு முன்னால் பிடித்தாள்.

“பல்பப் பாருங்க. என்ன தெரியுது?”

ஒரு பல்பு இல்லை. நடுவில் ஒன்று, அதைச் சுற்றி மேலும் கீழும், இடமும் வலமும் கூட்டல் குறி போட்ட மாதிரி வரிசையாகச் சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகள். முந்தானையைத் திருப்பினாள், கூட்டல் குறியும் திரும்பியது. பிறகு என் தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன் வழியாகப் பார்க்கச் சொன்னாள். புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மங்கலாகத் தெரிந்தன.

“துணி நெருக்கமா நெய்திருந்தா புள்ளி தள்ளித் தள்ளி விழும். எளக்கமா இருந்தா ஒட்டி ஒட்டி விழும். அப்பன்னா துணியத் தொடாமலே, அந்தப் புள்ளிய மட்டும் அளந்து, நூலுக்கும் நூலுக்கும் எம்புட்டு எடவெளின்னு சொல்லிரலாம். அணு வரிசையா நிக்கிற படிகத்துல எக்ஸ்-ரேய விட்டா இதே கததான். கண்ணுக்குத் தெரியாதத அந்தப் புள்ளிய வச்சுக் கண்டுபிடிக்கிறது.”

பன்னிரண்டு வயதில், மொட்டைமாடியில் காயப்போட்டிருந்த சேலை வழியாகத் தூரத்துத் தெருவிளக்கைப் பார்த்து இதைத் தானாகவே கண்டாளாம். வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏன் அப்படித் தெரிகிறது என்று பள்ளியிலும் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. கல்லூரியில் எக்ஸ்-கதிர்ப் படிகவியல் என்று ஒரு பாடம் வந்தபோதுதான் அவளுக்கு விடை கிடைத்திருக்கிறது. இதுதான் என் வேலை என்று அன்றே முடிவு செய்துவிட்டேன் என்றாள். நான் அவள் சொன்னதில் பாதியைத்தான் கவனித்தேன். முந்தானை இன்னும் என் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

அந்த வருடமே இன்னொன்றும் நடந்தது. அம்மா பன்னீர் திராட்சையைக் காய்ச்சி வடிகட்டி, பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்திருந்தார். சில வாரம் கழித்து அடியில் கண்ணாடித் தூள் மாதிரி என்னவோ கிடந்தது. பாட்டில் உடைந்து உள்ளே விழுந்துவிட்டது என்று பயந்துபோய் அம்மா அதைக் கொட்டப் போனார். இவள் ஓடிப்போய்ப் பாட்டிலைப் பிடுங்கினாள்.

“கொட்டிறாதீங்க அத்தே! இது கண்ணாடி இல்ல, திராட்சையோட உப்பு. அதுவாப் படிகமாயிருக்கு!”

அதை வெந்நீரில் கரைத்து, ஆறவிட்டு, மறுபடி கரைத்து, பத்து நாள் சமையலறையில் வேறெந்த வேலையும் ஓடவில்லை. கடைசியில் அரிசி அளவில் ஒரு படிகம் வந்தது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினாள். எங்கள் தோட்டத்தில் விளைந்ததில் அவளுக்கு அவ்வளவு பிடித்தது வேறு எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஆனி மாதம் கடிதம் வந்தது. இடம் கிடைத்துவிட்டது.

நான் தடுக்கவில்லை. தறிக்கூடத்தில் கத்திச் சொன்ன வார்த்தை. ஆனால் உதவியும் செய்யவில்லை. அவள் பெட்டி அடுக்கிய அன்று மருந்தடிக்கிற வேலை இருக்கிறது என்று தோட்டத்துக்குப் போய்விட்டேன். அன்று மருந்தடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

திராட்சை வைத்திருப்பவன் ஊரை விட்டு நகர முடியாது. கிளை வெட்டிவிடும் கவாத்து, கொழுந்து கட்டுவது, பூ, பிஞ்சு, மழை வந்தால் பூஞ்சை. ஒரு அறுவடை முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்த கவாத்து. அவள் பக்கமும் அப்படித்தான் இருந்தது. காசநோய்க் கிருமியின் ஒரு புரதம். அதன் உருவம் உலகத்தில் யாருக்கும் தெரியாது. உருவம் தெரிந்தால் அதை அடைக்கிற மருந்தைத் தேடலாம். உருவத்தைப் பார்க்கப் படிகம் வேண்டும். அதற்காகச் சின்னச் சின்னத் துளிகளைக் கண்ணாடி வில்லைகளில் தலைகீழாகத் தொங்கவிட்டு, குளிர் அறையில் வைத்துவிட்டுக் காத்திருப்பாள். வாரக்கணக்கில், மாதக்கணக்கில். நூற்றுக்கணக்கான துளிகள். ஒன்றிலும் ஒன்றும் வராது. உப்பை மாற்றி, புளிப்பை மாற்றி, மறுபடி தொங்கவிடுவாள்.

“வந்துருச்சா?” என்பேன் போனில்.

“இல்ல. அங்கன மழையா?”

“தூத்தல்தான்.”

அந்தப் பிரிவில் புரத ஆராய்ச்சிக்கு வந்த முதல் பெண் அவள்தான் என்பதே எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். குளிர் அறைக்குப் பக்கத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது, இரண்டு கட்டிடம் தள்ளிப் போக வேண்டும் என்று ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அதற்கு மேல் புகார் சொன்னதில்லை.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. ஊரில் எல்லாரும் ஒன்றைக் கேட்பார்கள், நான் அவளிடம் இன்னொன்றைக் கேட்பேன், இரண்டுக்கும் பதில் ‘இல்லை’ என்றே பல வருடம் இருந்தது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு அந்தச் சித்திரை வந்தது. முந்தைய வருடம் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தபோது வீரபாண்டி மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாக வேண்டியிருந்தேன். அம்மா தேறிவிட்டார். திருவிழா நெருங்கியதும் அவளை வரச் சொன்னேன்.

“இப்ப வேணாமே” என்றாள். “ரெண்டு துளியில மினுங்குது. இன்னும் நிச்சயமாச் சொல்ல முடியல. அடுத்த வருசம் எடுத்தா என்னங்க?”

“சாமி காரியம். தள்ளிப்போட முடியுமா? நீ இல்லாம நான் மட்டும் எடுத்தா ஊருல என்ன கேப்பாக?”

“வர்றேன்” என்றாள்.

ஊர் கேட்கும் என்று சொன்னது பொய். ஊர் கேட்பதெல்லாம் எனக்குப் பழகியிருந்தது. எனக்கு அவளைப் பார்க்க வேண்டும். அதை அப்படியே சொல்ல வாய் வரவில்லை. சாமி பேரைச் சொன்னேன்.

நான்கு நாள் இருந்தாள். மஞ்சள் சேலையில், ஈர வேப்பிலையோடு, நான் சட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்த வழியெல்லாம் கூடவே வந்து என் காலில் தண்ணீர் ஊற்றினாள். கூட்டத்தில் ஒருமுறை அவளைக் காணாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். “இங்கனதான் இருக்கேன், நேராப் பாத்து நடங்க” என்று முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் கேட்டது. என் வாழ்க்கையின் நல்ல நாட்கள் எவை என்று யாராவது கேட்டால் அந்த நான்கையும்தான் சொல்வேன்.

அதற்குப் பிறகு போனில் அவள் குரல் கொஞ்சம் தாழ்ந்துபோனது. “படிகம் எப்படி இருக்கு?” என்று கேட்டால், “வளரணும்” என்பாள். இப்படியே இரண்டு வருடத்துக்கு மேல் போனது. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை, கொத்துகளைப் பார்த்துக்கொண்டு பந்தலுக்கடியில் நின்றபோது போன் வந்தது. ‘எப்படி இருக்கீக’ கூட இல்லை. “பஸ் ஏறுங்க” என்றாள்.

ஏறினேன். ஞாயிறு காலை ஆய்வகத்தில் வேறு யாரும் இல்லை. அவள் என்னைக் கம்ப்யூட்டர் முன் உட்கார வைத்தாள். திரையில் முதலில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம், அதில் ஆயிரக்கணக்கான கறுப்புப் புள்ளிகள். பிறகு ஏதோ தட்டினாள். கறுப்புப் பின்னணியில் நீல வலை ஒன்று எழுந்தது. வலைக்குள் மஞ்சள் கோடு ஒன்று வளைந்து, சுருண்டு, தன் மேலேயே படிந்து போனது. மெதுவாகச் சுழற்றினாள். ஓரிடத்தில் பள்ளமாக ஒரு வாய் தெரிந்தது.

“இங்கனதான் மருந்து போயி ஒக்காரணும்” என்று விரலால் தொட்டுக் காட்டினாள். “உலகத்துல இத மொதல்ல பாத்த ஆளு நானு. ரெண்டாவது நீங்க. இன்னும் யாருக்கும் காட்டல.”

“நல்லா இருக்கு” என்றேன். பெண் பார்த்துவிட்டு வந்த அன்று அம்மா கேட்டபோது சொன்ன அதே இரண்டு வார்த்தை. அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

சில மாதம் கழித்து அவளுக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். நானும் போனேன். சாப்பாட்டு இடைவேளையில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் குளிர் அறையைப் பராமரிக்கிறவர். மதுரைக்காரர். என் பேச்சைக் கேட்டதுமே ஒட்டிக்கொண்டார்.

“மேடம் மாதிரி ஒரு ஆள நான் பாத்ததில்ல சார். மொதத் தடவ படிகம் வந்தப்பவே இந்த விழா நடந்திருக்கணும். அந்தச் சித்திரத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனாக பாருங்க, அப்பத்தான் கூலிங் மெஷின் நின்னு போச்சு. லீவு நாளு, யாரும் பாக்கல. அவுக இருந்திருந்தா தெனம் ரெண்டு வேள போயிப் பாப்பாக, காப்பாத்தியிருக்கலாம். வந்து பாத்தா எல்லாத் துளியும் வெறுந்தண்ணியா இருக்கு. ஒரு வார்த்த பேசல சார். மறுநாளு மொதல்லருந்து ஆரம்பிச்சாக.”

இலையில் இருந்ததை என்னால் சாப்பிட முடியவில்லை.

விழா முடிந்து இருவரும் மரங்கள் கவிந்த அந்த வளாகச் சாலையில் நடந்தோம். அவள் கையில் பொன்னாடையும் ஒரு பூங்கொத்தும் இருந்தன. “ஏன் எங்கிட்டச் சொல்லல?” என்று கேட்டேன். எதைக் கேட்கிறேன் என்று அவளுக்கு உடனே புரிந்தது.

“சொல்லியிருந்தா நீங்க அடுத்த தடவ என்னயக் கூப்பிட மாட்டீக.”

“கூப்பிடாம இருந்திருந்தா ரெண்டு வருசம் மிஞ்சியிருக்கும்ல?”

“மிஞ்சியிருக்கும். ஆனா, நீங்க கூப்பிடணும்ல. யாருமே கூப்பிடாம இங்கன நான் எப்பிடி இருக்கிறது?”

நான் நின்றுவிட்டேன். அந்த நான்கு நாளுக்கு நான் சாமியைச் சாக்குச் சொன்னதை அப்போதுதான் அவளிடம் ஒப்புக்கொண்டேன். “தெரியும்” என்றாள். “சாமி காரியம்னு சொல்லும்போது ஒங்க கொரலு ஒரு மாதிரி இருந்துச்சு.” பூங்கொத்தை என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள்.

அந்த உருவத்தை இப்போது யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எந்தெந்த நாட்டிலோ மருந்து தேடுகிறவர்கள் அதை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்கிறாள். மருந்து வருமா என்று கேட்டால், “நம்ம காலத்துல வந்தா நல்லது” என்பாள்.

அதோடு வீடு திரும்புவாள் என்று நான் எதிர்பார்த்தேன். எக்ஸ்-கதிர்ப் பிரிவு முழுவதற்கும் அவளைத் தலைவராக்கினார்கள். அந்த நாற்காலியில் அதுவரை ஒரு பெண் உட்கார்ந்ததில்லை. ஒப்புக்கொள்வதற்கு முன் போன் செய்தாள்.

“நீங்க சொல்லுங்க. வரவா, இருக்கவா?”

வந்துவிடு என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அது இத்தனை வருடமும் அங்கேயேதான் கிடக்கிறது. “இரு” என்றேன். “ஆனா நான் கூப்பிடுவேன்.”

“கூப்பிடுங்க” என்றாள்.

கூப்பிடுகிறேன். காரணம் எதுவும் சொல்வதில்லை. பார்க்கணும், வா என்று மட்டும் சொல்கிறேன். முடிந்தால் வருகிறாள். முடியாவிட்டால் நான் போகிறேன். ஐம்பதைத் தாண்டிய பிறகு இப்படிக் கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன மாதம் மூன்று நாள் வந்திருந்தாள். ஆராய்ச்சி பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் நாள் முழுக்கத் தூங்கினாள். நான் தோட்டத்துக்குப் போகாமல் பக்கத்து அறையில் உட்கார்ந்து, கதவுக்கு அந்தப் பக்கம் அவள் புரண்டு படுக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலையில் தேனிக்குக் கூட்டிப்போய் பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். பஸ் கிளம்பியது.

வீட்டுக்கு வந்தேன். அவள் படுத்திருந்த அறையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அவசரத்தில் நிறுத்த மறந்திருக்கிறாள். நான் அதை நிறுத்தவில்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். மதியம் கரண்ட் போய் அதுவாக நிற்கும் வரை ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.