பல் பட்ட புத்தகம்

பாலக்கரையில், வேலைக்குப் போகிற பெண்கள் பிள்ளைகளை விட்டுப் போகும் காப்பகம் ஒன்றில் நான் ஆயா. ஐந்தாவதோடு படிப்பு நின்றது. நாலு பேர் நடுவில் பேசு என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவளைக் கைக்குழந்தைகளுக்கான படப் புத்தகம் தேர்ந்தெடுக்கும் குழுவில் போட்டார்கள். படித்தவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள், பிள்ளைகளோடு புழங்குகிறவள் ஒருத்தியும் வேண்டும் என்றார்களாம். ஜெயிக்கிற புத்தகத்தை எங்களுடையது மாதிரியான காப்பகங்களுக்கெல்லாம் வாங்கித் தருவார்கள்.

கடைசியில் மிஞ்சிய இரண்டு புத்தகங்களை மூன்று வாரம் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். ஒன்று பளபளவென்று இருந்தது. அரண்மனை, இளவரசி, பக்கத்துக்குப் பக்கம் நாலு வரி புத்திமதி. மற்றது சின்னது. பக்கத்துக்கு ஒரு படம்தான். டம்ளர், வாளி, காக்கா, செருப்பு. எனக்கும் முதலில் பளபளப்புதான் பிடித்தது. அதை மறைப்பானேன்.

பிள்ளைகள் பளபளப்பை ஒரு தடவை புரட்டிவிட்டுப் போட்டுவிட்டார்கள். சின்னதுக்கோ அடிதடி. ஒன்றரை வயதுப் பெண் குழந்தை ஒன்று, வந்து இரண்டு மாதமாகியும் யார் மடிக்கும் போகாது, யார் ஊட்டினாலும் சாப்பிடாது. அம்மா சாயங்காலம் வந்து தூக்கும்போது வயிறு ஒட்டிக் கிடக்கும். அது செருப்புப் படத்தைப் பார்த்ததும் வாசலுக்குத் தத்தித் தத்திப் போய் என் செருப்பைத் தட்டிக் காட்டியது. பிறகு புத்தகத்தோடு வந்து என் மடியில் உட்கார்ந்தது. அன்றிலிருந்து அந்தப் புத்தகம் கையில் இருந்தால்தான் வாய் திறக்கும். பல் முளைக்கிற வயசு. மூலையெல்லாம் கடித்துக் கூழாக்கிவிட்டது. காக்காவின் வால் வயிற்றுக்குள் போய்விட்டது.

தீர்ப்பு நாளன்று ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறினேன். பாலம் தாண்டும்வரை, 'இந்தச் சின்னதுதாங்க பிள்ளைங்களுக்குப் பிடிச்சுது' என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஒரு பள்ளிக்கூட அறை. ரிட்டயரான டீச்சரம்மா, ஓர் ஓவியர், ஒரு காலேஜ் புரொபசர். வாங்கின பொருளை அந்தக் கோலத்தில் திருப்பிக் கொடுக்க எனக்குக் கூசியது. துடைத்து, டேப் ஒட்டித்தான் கொண்டு போயிருந்தேன். ஆனாலும் வாயில் முதலில் வந்தது வேறு.

"மன்னிச்சுக்கங்கம்மா. பிள்ளைங்க இதைப் பாழாக்கிடுச்சுங்க."

டீச்சரம்மா இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "அடடா, மூணு வாரம்கூடத் தாங்கலையே! அந்த இளவரசியைப் பாருங்க, புதுசாட்டமே இருக்கு."

"பைண்டிங் நல்ல பைண்டிங்," என்றார் புரொபசர்.

"காக்கா வாலை யாருங்க சாப்பிட்டது?" என்று ஓவியர் கேட்டார். "காப்பகத்துல சோறு போடறதில்லையா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். யாரும் தொடாததால்தான் அது புதுசாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

"அதை வந்து... பிள்ளைங்க..."

"சொல்லுங்க ஆயாம்மா, கூச்சப்படாதீங்க."

மூன்று பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். அன்பாகத்தான் பார்த்தார்கள். திட்டியிருந்தாலாவது ஏதாவது வந்திருக்கும்.

"ஒண்ணுமில்லீங்க. நீங்க பாத்துச் செஞ்சா சரிங்க."

"உங்க மார்க் தாளையும் நானே எழுதிடறேன். நீங்கதான் சொல்லிட்டீங்களே, பாழாயிடுச்சுன்னு," என்றார் டீச்சரம்மா. சின்னதுக்குப் பத்துக்கு இரண்டு. கீழே என் கையெழுத்தை நானே போட்டேன்.

கிளம்பும்போது ஒன்றே ஒன்று கேட்டேன்.

"அந்தக் கிழிஞ்சதை நான் எடுத்துட்டுப் போகட்டுங்களா?"

"ஐயய்ய, அதை எதுக்குங்க? உங்களுக்கு நல்லதாவே தரேன்," என்று டீச்சரம்மா இளவரசிப் புத்தகத்தை என் கையில் வைத்தார். டேப் ஒட்டினது தாள்களோடு உறைக்குள் போனது. உறை பீரோவுக்குள் போனது.

"ரொம்ப நன்றிங்கம்மா," என்றேன்.

மறுநாள் அந்தக் குழந்தை என் பையை இழுத்துக் கொட்டியது. டிபன் டப்பா, குடை, இளவரசி. பைக்குள் தலையை விட்டுத் தேடியது. பருப்புச் சோறு பிசைந்து, கெஞ்சி, நிலைக்கண்ணாடி காட்டி, பாட்டும் பாடிப் பார்த்தேன். சாயங்காலம் அம்மா வந்தபோது, "இன்னிக்கு எங்க பாப்பா எத்தனை வாய் சாப்பிட்டாங்க?" என்று ஆசையாகக் கேட்டாள்.