பேட்டரி டீச்சரும் பிடுங்கிய ப்ளக்கும்

பேட்டரி டீச்சர் என்றால்தான் அந்தக் கல்லூரியில் ஆளைத் தெரியும். இயற்பியல் எடுப்பவர், நாற்பதைத் தாண்டியவர். வெளிநாட்டில் ஆராய்ச்சிப் பட்டம் முடித்ததும், அங்கேயே இருந்துவிடச் சொன்ன பேராசிரியரிடம் முடியாது என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தவர். ஏன் வந்தாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்.

"அங்க டெஸ்ட் பண்றதெல்லாம் ஏசி ரூம் குளிர்ல. நம்ம மொட்டை மாடி வெயில்ல அதே பேட்டரி எத்தனை வருஷம் தாங்கும்னு இங்க யாராவது பார்க்கணும்ல?"

"அதான் அவங்களே பார்த்துட்டாங்களே" என்பார்கள். டீச்சர் தலையில் அடித்துக்கொள்வார்.

சூரிய மின்சாரத்தைச் சேமிக்கும் பேட்டரியின் ஆயுளை அவசரப்பட்டு அளக்க முடியாது. சூட்டுப் பெட்டிக்குள் வைத்து, மின்சாரத்தை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றி, மாதக்கணக்கில் விடாமல் ஓட்ட வேண்டும். நடுவில் நின்று பெட்டி ஆறிப்போனால் அவ்வளவுதான், புது பேட்டரி போட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மின்வெட்டைச் சமாளிக்க யூபிஎஸ் இருந்தது. மனிதர்களைச் சமாளிக்கத்தான் ஒன்றும் இல்லை.

முதல் தடவை நிறுத்தியவர் காவலாளி. விடுமுறை முடிந்து டீச்சர் வந்து பெட்டியைத் தொட்டால், கல் மாதிரிச் சில்லென்று கிடந்தது.

"ஏண்ணே ஆஃப் பண்ணீங்க?"

"ஆளே இல்லாத ரூம்ல என்னமோ ஓடிட்டு இருந்துச்சு டீச்சர். கரண்டை மிச்சம் பண்ணுங்கன்னு சர்க்குலர் வந்திருக்குல்ல?"

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதனாலேயே எரிச்சல் இரண்டு மடங்காயிற்று. பெரிய எழுத்தில் 'தொடாதீர்கள்' என்று எழுதி ஒட்டிவிட்டுப் புது பேட்டரியோடு மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை பல மாதம் ஓடியது. மேசையைக் கடக்கும்போதெல்லாம் பெட்டியில் கை வைத்துப் பார்ப்பார், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவது போல. இதற்கு மட்டும் சூடு இருந்தால் நிம்மதி.

அப்போதுதான் கல்லூரியில் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆராய்ச்சி மையம் என்று ஒன்றைத் திறக்க முடிவு செய்தார்கள். மையம் என்றால் ஒரு காலி அறை, ஒரு பெயர்ப் பலகை, ஒரு ரிப்பன். விழாவன்று காலையில் இருந்தே டீச்சரை வாசலில் வரவேற்புக்கு நிறுத்திவிட்டார்கள். பேச்சாளர்கள் ஒவ்வொருவரும் நம் மண்ணிலேயே ஆராய்ச்சி வளர வேண்டும் என்று முழங்கினார்கள். கைதட்டிவிட்டு மாலையில் டீச்சர் தன் ஆய்வகத்துக்குப் போனார். சுவரிலிருந்து ஒரு நீள வயர் ஜன்னல் வழியாக மேடைக்குப் போயிருந்தது. பெட்டிக்கு மின்சாரம் தரும் யூபிஎஸ்ஸின் ப்ளக் தரையில் கிடந்தது. யூபிஎஸ் கத்திக் கத்தி ஓய்ந்து எப்போதோ அணைந்துபோயிருந்தது.

துறைத் தலைவர் பின்னாலேயே வந்தார். "மைக் செட்டுக்குப் பக்கத்துல வேற பாயின்ட் இல்லம்மா. கொஞ்ச நேரம்தானே?"

"சார், இந்தக் கட்டடத்துலயே நடந்துட்டு இருந்த ஒரே எரிசக்தி ஆராய்ச்சி இதுதான் சார்."

"அதுக்குத்தானேம்மா மையமே திறந்திருக்கோம்!"

டீச்சர் பையை எடுத்துக்கொண்டு நேராக வீட்டுக்குப் போனார்.

அவர் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதிப்பவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, எதற்கும் பதறாத மனிதர்.

"நான் போயிடறேங்க. அந்தப் பேராசிரியருக்கு இன்னைக்கே மெயில் போடறேன்."

"போடு. ஆனா ஒண்ணு கேக்கறேன். ஒரே வண்டிய வச்சு நான் ஸ்கூல் நடத்தியிருந்தா, அது பஞ்சர் ஆன அன்னைக்கே கடைய மூடியிருக்கணும். நீ ஏன் ஒரே பெட்டிய கட்டிக்கிட்டு அழற?"

டீச்சர் அவரை முறைத்தார். பிறகு மெயில் போடுவதற்குப் பதிலாகப் போனை எடுத்தார். பக்கத்து ஊர்ப் பொறியியல் கல்லூரியில் தன்னோடு படித்த தோழி ஒருத்தி இருந்தாள். இன்னொரு ஊர் பாலிடெக்னிக்கில் தங்கை முறையுள்ள ஒருத்தி பாடம் எடுத்தாள். இரண்டு பேரிடமும் ஒரே விஷயத்தைச் சொன்னார்: ஒரே வகை பேட்டரி, ஒரே அளவு சூடு, மூன்று ஊரிலும் ஓட்டுவோம். எவன் எங்கே பிடுங்கினாலும் மற்றவை ஓடட்டும்.

"எங்க காலேஜ்ல சுவிட்சே ஒழுங்கா இல்லடி" என்றாள் தோழி.

"அப்ப முதல்ல சுவிட்ச மாத்து."

சொன்னது சுலபம். பாலிடெக்னிக் பெட்டிக்குள் எலி புகுந்து வயரைக் கடித்தது. தோழியிடம் பழகித் தேறிய மாணவன், எல்லாம் கைவந்ததும் வெளிநாட்டுக்குப் பறந்தான். டீச்சர் வாராவாரம் பஸ்ஸில் அங்கும் இங்கும் அலைந்து, சொன்னதையே திரும்பச் சொல்லித் தொண்டை கட்டிப்போனார். ஆனாலும் ஏதாவது ஓரிடத்தில் பெட்டி சூடாகவே இருந்தது. கடைசியில் இரண்டு ஊரில் முழு ஓட்டம் முடிந்தது. இரண்டு இடத்துக் கணக்கும் ஒத்துப்போனது: நம் வெயிலின் சூட்டில், கம்பெனி சொன்ன ஆயுளில் பாதியைக்கூட அந்த பேட்டரி தாங்கவில்லை.

இதை எழுதி ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரையைப் பரிசீலித்த வெளிநாட்டு நிபுணர், ஏன் சாதாரண வெப்பநிலையில் சோதிக்கவில்லை என்று கேட்டிருந்தார். "எங்களுக்கு இதுதாங்க சாதாரணம்!" என்று டீச்சர் கணினியைப் பார்த்துக் கத்தினார். அதையே மரியாதையான வார்த்தைகளில் எழுதி அனுப்பினார். கட்டுரை வெளியானது.

அடுத்த கூட்டத்தில் துறைத் தலைவர், "நம்ம மையத்தோட முதல் சாதனை" என்று பெருமையாக அறிவித்தார். டீச்சருக்குக் காது சிவந்தது. சண்டை போட்டால் மனம் ஆறும், வேலை ஆகாது. எழுந்து, "நன்றி சார். அப்ப மையத்துக்குன்னு தனி மின்லைன் வேணும், இப்பவே எல்லார் முன்னாடியும் சரின்னு சொல்லிடுங்க" என்றார். அவருக்குச் சரி என்று சொல்வதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை.

இப்போது ஆறு கல்லூரிகள் சேர்ந்திருக்கின்றன. புதிதாக வருபவர்களுக்கு டீச்சர்தான் பயிற்சி கொடுக்கிறார். போன வாரம் ஒரு வகுப்பின் நடுவே ஆறாவது கல்லூரியிலிருந்து போன் வந்தது.

"மேடம், எங்க முதல்வர் வீட்டுக் கல்யாணத்துக்கு யூபிஎஸ்ஸ தூக்கிட்டுப் போயிட்டாங்க."

டீச்சர் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார். "மத்த அஞ்சும் ஓடுது. நீ அழாம கல்யாணத்துக்குப் போ. சாப்பிட்டுட்டு, வரும்போது அதைத் தூக்கிட்டு வா."