இன்னாசி மாமா கூப்பிட்ட நாற்பத்தேழு

இன்னாசி மாமா இறந்த செய்தி ‘பழைய குவார்ட்டர்ஸ்’ வாட்ஸ்அப் குழுவில் வந்தது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பிரஷர் கேஜ்களைச் சோதித்துக்கொண்டிருந்தேன். அதுதான் என் வேலை. அளக்கும் கருவி சரியாக அளக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது. கைப்பேசி விடாமல் அதிர்ந்தது. யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்து எடுக்கவில்லை. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். கூப்பிய கைகள் வரிசையாக இறங்கிக்கொண்டே போயின. எல்லாவற்றுக்கும் மேலே, கறுப்பு ஃப்ரேம் கண்ணாடி போட்ட அவர் முகம். காலையில் மாரடைப்பு, மறுநாள் அடக்கம். வயது ஐம்பதுகூட ஆகவில்லை.

அவரைப் பற்றி நீங்கள் எல்லோரும் ஏதாவது எழுதிவிட்டீர்கள். நான் எழுதவில்லை. அம்மா போனில் கேட்டாள்: “ஏஞ்சாமி, இன்னாசியண்ணனுக்கு நீயி ஒரு வார்த்த போடக் கூடாதா?” ஒரு வார்த்தையில் முடிகிற விஷயமில்லை. அதனால் இதை எழுதுகிறேன். அழகாக எழுத எனக்கு வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

குவார்ட்டர்ஸை விட்டுப் போனபின் பிறந்த பிள்ளைகளும் படிக்கக்கூடும் என்பதால் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மேச்சேரிக்கும் மேட்டூருக்கும் நடுவில் எங்கள் ஆலை இருந்தது. ஆலைக்கு எதிரே அறுபது குடும்பங்கள் இருந்த குவார்ட்டர்ஸ். அதன் கோடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கூடம். போர்டில் ‘ஊழியர் குடும்ப மனமகிழ் மன்றம்’ என்று இருக்கும். யாரும் அப்படிச் சொன்னதில்லை, கிளப்பு என்றுதான் சொல்வோம். இரண்டு கேரம் போர்டுகள், ஒரு கால் உடைந்து செங்கல் முட்டுக்கொடுத்த டேபிள் டென்னிஸ் மேசை, ஒரு டிவி. வெளியே என் அப்பாவும் மற்ற ஃபிட்டர்களும் பழைய பைப்பை வெட்டி வெல்டிங் செய்த ஏற்ற இறக்கப் பலகையும் ராட்டினமும். அந்த ராட்டினத்தில் நாங்கள் சுற்றியதை நினைத்தால் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. வெல்டிங் அவ்வளவு மோசம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குத் தம்போலா. ஆளுக்கொரு டிக்கெட், டிக்கெட்டில் பதினைந்து எண்கள். ஒன்றிலிருந்து தொண்ணூறு வரை எழுதிய மரக் காய்கள் ஒரு பிஸ்கட் டின்னில் கிடக்கும். ஒவ்வொன்றாக எடுத்துக் கூப்பிடுவார்கள். பதினைந்தையும் முதலில் அடித்தவருக்குப் பரிசு: வாளி, ஃபிளாஸ்க், தூக்குப்போசி. கூப்பிடுவது இன்னாசி மாமா. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வால் வைத்திருந்தார். “ஆறு, ஏ ஷிஃப்ட்டு, எந்திரிடா!” என்பார். “அம்பத்தெட்டு, மாலையும் கடியாரமும்!” என்பார். ரிடையர் ஆகிறவர்களுக்கு ஆலையில் கொடுப்பது அந்த இரண்டும்தான். மேட்டூர் அணை நிரம்பிய வருஷம் ஒருநாள் டின்னுக்குள் கையைவிட்டு, “நூத்தியிருபது!” என்று கத்தினார். கூடமே குனிந்து டிக்கெட்டில் தேடியது. “டிக்கெட்டுல எங்கீங்க தேடறீங்க, டேம்ல போய்ப் பாருங்க” என்றார். என் அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது நினைவிருக்கிறது. அம்மா அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

அவர் பாய்லர் ஹவுஸில் பேனல் ஆபரேட்டர். ஆயுத பூஜை அன்று மட்டும் குடும்பங்களை உள்ளே விடுவார்கள். காலையில் மாதா கோயிலில் பூசை பார்த்துவிட்டு வரும் மாமா, பேனலில் இருந்த ஒவ்வொரு மீட்டருக்கும் தன் கையாலேயே சந்தனப் பொட்டு வைப்பார். ஒரு வருஷம் என்னை அங்கே நிறுத்தி, பேனலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எல்லா மீட்டரும் என்ன காட்டுகின்றன என்று வரிசையாகச் சொன்னார். நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. பிறகு ஒரு மீட்டரின் கண்ணாடியை விரலால் தட்டினார். முள் சற்று நகர்ந்தது. “பாத்தியா? முள்ளு ஒட்டிக்கிட்டிருந்துச்சு. படிக்கறதுக்கு முன்னால ஒருக்கா தட்டிப் பாரு சாமி” என்றார். நான் இந்தத் தொழிலுக்கு வந்தது அந்த நாளால்தான்.

அதே நாளால்தான் எனக்குச் சந்தேகமும் வந்தது. இத்தனை மீட்டர்களை மனதில் வைத்திருக்கும் மனிதருக்குப் பதினைந்து எண்கள் எம்மாத்திரம்? டிக்கெட்டைக் கொடுப்பவரும் அவர்தான், காயை எடுப்பவரும் அவர்தான். கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் வாராவாரம் யார் ஜெயிக்கிறார்கள் என்று எழுதி வந்தேன். ஒரு முறை ஜெயித்த வீடு மறுபடி ஜெயிக்கவே இல்லை. முறை வைத்ததுபோல் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது பரிசு. ஏழாம் வகுப்புப் பையனுக்கே அது தற்செயல் இல்லை என்று தெரிந்தது. நிரூபிக்க வழி யோசித்தேன். ஓர் இயந்திரத்திலிருந்து ஒரு பாகத்தை எடுத்துவிட்டு, அதற்குத் தெரிகிறதா என்று பார்ப்பதுதான் வழி. டின்னிலிருந்து ஒரு காயை எடுத்து டவுசர் பையில் போட்டுக்கொண்டேன். நாற்பத்தேழு.

மூன்று ஞாயிறு அந்த எண் வரவில்லை. நான்காவது ஞாயிறு கிறிஸ்துமஸுக்கு முந்தியது. பரிசு ஒரு பிரஷர் குக்கர். மறுநாள் ராசாத்தி அக்கா வீட்டைக் காலி செய்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் புருஷன் காண்ட்ராக்டில் வந்த டிரைவர். ஒரு வருஷத்தில் காண்ட்ராக்ட் முடிந்துவிட்டது. அந்த ஒரு வருஷமும் ராசாத்தி அக்கா ஒன்றும் ஜெயிக்கவில்லை. “எங்க டிக்கெட்டுல மட்டும் நம்பரே அச்சடிக்கலையாட்டம் இருக்குதுங்க” என்று வாராவாரம் சொல்லிச் சிரிப்பார். அன்று அவர் டிக்கெட்டில் ஒரே ஓர் எண் பாக்கி. என்ன எண் என்று எனக்குத் தெரியாது. அவருக்கு மூச்சே ஓடவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

மாமா காயை எடுத்தார். “நாப்பத்தேழு! கொடியேத்து!”

“ஏனுங்க! முடிஞ்சுதுங்க! எனக்கு முடிஞ்சுதுங்க!” டிக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ராசாத்தி அக்கா ஓடினார்.

நான் பெஞ்சு மேல் ஏறினேன். “நாப்பத்தேழு வர முடியாது மாமா. அது எங்கிட்ட இருக்குது.” காயைத் தூக்கிக் காட்டினேன்.

பிறகு பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்: “அப்ப ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டதா?” ராசாத்தி அக்கா டிக்கெட்டை நீட்டியபடியே நின்றார். இன்னாசி மாமா என்னைப் பார்த்தார். பிறகு கையில் இருந்த காயைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார்.

“அட, நாப்பத்தொண்ணுங்க. எனக்கு ஒண்ணு ஏழாட்டம் தெரிஞ்சுது. ஒரு மாசமாவே கண்ணு மங்கலாத்தான் இருக்குதுங்க. ராசாத்தி, உம்மேல என்ன தப்பு இருக்குது, போய் உக்காரு.”

காயை டின்னுக்குள் போட்டுக் குலுக்கினார். அந்தக் காயில் என்ன எண் இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. என் முன்னால் வந்து கையை நீட்டினார். “குடு சாமி. அது இல்லாம ஆட்டம் எப்படி நடக்கும்?” ராசாத்தி அக்கா உட்காரவில்லை. டிக்கெட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். குக்கர் யார் வீட்டுக்குப் போனது என்று எனக்கு நினைவில்லை.

கிளப் செக்ரட்டரி, பாய்லர் ஹவுஸில் மாமாவுக்கு மேலதிகாரி. அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: “ஏப்பா இன்னாசி, பேனல்லயும் ஒண்ணை ஏழுன்னுதான் படிக்கிறயா?” எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் அதே கேள்வி கடிதமாக வந்தது. ஆலை டிஸ்பென்சரியில் கண் பரிசோதனை. மாமா தேறவில்லை. பேனலிலிருந்து எடுத்து ஸ்டோர்ஸில் போட்டுவிட்டார்கள், நட்டும் போல்ட்டும் எண்ணிக் கொடுக்கிற வேலை. அன்றிலிருந்து அந்தக் கறுப்பு ஃப்ரேம் கண்ணாடி.

நான் செய்தது சரிதானா என்று அப்போது என்னை உறுத்தியது உண்மை. அப்பா முதுகில் தட்டினார். “கண்ணு போனதக் கண்டுபுடிச்சுக் குடுத்திருக்கறடா. பாய்லர்ல தப்பாப் படிச்சிருந்தா நாமெல்லாம் என்னாகறது?” அதைப் பிடித்துக்கொண்டேன். என் சந்தேகம் தப்பு, அவர் ஏமாற்றவில்லை, கண்தான் கோளாறு, அதை நான் கண்டுபிடித்தேன். பதினைந்து வருஷம் இதை நம்பினேன். கல்லூரியில் நேர்முகத் தேர்வில்கூட இதை ஒரு கதையாகச் சொன்னேன். நன்றாக எடுபட்டது.

அதன்பின் தம்போலாவை வேறு ஆட்கள் நடத்தினார்கள். நியாயமாகத்தான் நடத்தினார்கள். ஒரே வீடு மூன்று வாரம் தொடர்ந்து ஜெயித்தது. சண்டை வந்தது. சில வீடுகள் வருவதை நிறுத்தின, பிறகு எல்லா வீடுகளும். கூடம் பூட்டியே கிடந்தது. இரண்டு வருஷத்தில் ஆலையையும் மூடினார்கள். மற்ற பேனல் ஆபரேட்டர்கள் வேறு ஆலைகளுக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். கண் சரியில்லை என்று எழுதிய காகிதத்தோடு இன்னாசி மாமாவை யார் பேனலில் உட்கார வைப்பார்கள்? ஏற்காடு அடிவாரத்தில், கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் ஆனார். கிளப் இருந்த இடத்தில் இப்போது வேலிக்காத்தான் முள். ராட்டினத்தின் நடுத்தூண் மட்டும் நிற்கிறது. அப்பாவின் வெல்டிங் அங்கே மட்டும் உருப்படியாக இருந்திருக்கிறது.

நான்கு வருஷத்துக்கு முன் நண்பர்களோடு ஏற்காட்டுக்குப் போகும்போது அந்தக் குடியிருப்பின் கேட்டில் அவரைப் பார்த்தேன். பைக்கை நிறுத்தினேன். ஊடு எங்கே, அப்பா எப்படி என்று கேட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மலைப்பாதையில் தூரத்தில் இறங்கி வந்த ஒரு லாரியைப் பார்த்து, “நம்ம நாமக்கல் வண்டி” என்றார். லாரி கிட்டே வந்தபோது பார்த்தேன். நாமக்கல் பதிவெண்தான். கருவி சோதிப்பது தொழில் என்று சொல்லிக்கொள்ளும் எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. நண்பர்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். “கண்ணு இப்பப் பரவால்லைங்களா மாமா?” என்றேன். “உம்புண்ணியத்துல பரவால்ல சாமி” என்று சிரித்தார். நன்றி சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். கல்லறையிலிருந்து திரும்பி அவருடைய ஒற்றை அறை வீட்டில் உட்கார்ந்திருந்தோம். லூர்து அத்தை, அவர் மனைவி, சுவரோரம் சாய்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீதான அந்தக் காயி வெச்சிருந்த பையன்?”

ராசாத்தி அக்கா. மேச்சேரிப் பக்கம் ஆடு வளர்க்கிறாராம்.

“ஆமாங்க்கா.”

“நல்லா வளந்துட்ட. இப்பவும் எதையாச்சும் எடுத்து ஜோப்புல போட்டுக்கறயா?”

பிறகு அத்தையிடம் திரும்பினார். “போன தையில எங்கூட்டுக்கு வந்தாரு லூர்தக்கா. ஆட்டுப்பட்டியில நின்னுக்கிட்டு, ‘மேட்டூர் பஸ்ஸு வருது, நான் வாரேன் ராசாத்தி’ன்னு கெளம்பிட்டாரு. ரோடு அங்க கெடக்குது. எனக்கு பஸ்ஸே தெரியல, இவரு போர்டப் படிக்கறாரு.”

அடக்கத்துக்கு முன் கழற்றிய கண்ணாடி மேசையில் இருந்தது. எடுத்தேன். சுவரில் நாள்காட்டி. தேதிக்கு மேல் கண்ணாடியைப் பிடித்து இடதும் வலதுமாக அசைத்தேன். பவர் உள்ள கண்ணாடி அசைந்தால் கீழே இருக்கும் எழுத்தும் அசைவதுபோல் தெரியும். எழுத்து அசையவில்லை. இன்னொரு பக்கத்தையும் பார்த்தேன். அசையவில்லை. ஜன்னலுக்குப் போடுகிற கண்ணாடிக்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

அத்தை பார்த்துக்கொண்டிருந்தார். “சேலம் பஸ் ஸ்டாண்டுல வாங்குனது. ஒடஞ்சா இன்னொண்ணு வாங்கிக்குவாரு.”

“டாக்டர் பாத்தாரே அத்தை?”

“போர்டுல ஒண்ணைக் காட்டுனா ஏழுன்னாராம். ஏழைக் காட்டுனா ஒண்ணுன்னாராம். டாக்டருக்கு வேற என்ன தெரியும்? கண்ணு நல்லாருக்குதுன்னு சொன்னா, அப்ப நம்பர எதுக்கு மாத்திக் கூப்புட்டேன்னு கேள்வி வரும். இவளத் திருடிம்பாங்க.” ராசாத்தி அக்காவைக் காட்டினார். அக்காவுக்கு அது அந்த நிமிஷம்தான் தெரியவந்தது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

“எம்மேல கோபம் இருந்துச்சுங்களா?”

“இல்ல சாமி. ‘பையன் சரியாத்தான் புடிச்சான், நாந்தான் காய எண்ணிப் பாக்கல’ன்னாரு. ஆயுத பூசை வந்தா மட்டும் வெளிய போகமாட்டாரு.”

இதை எழுதலாமா என்று கேட்டேன். “எழுதிக்க. அந்த ஆலையும் இல்ல, அவரும் இல்ல” என்றார் அத்தை. கண்ணாடியை என் கையிலேயே விட்டுவிட்டார்.

அது இப்போது என் கருவிப் பெட்டியில் இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒவ்வொரு கேஜையும் விரலால் ஒரு தடவை தட்டுகிறேன். அது அவர் கொடுத்த பழக்கம். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இந்த இரண்டும்தான்.

பழைய குவார்ட்டர்ஸ் ஆட்கள் எல்லோருக்கும், குறிப்பாக அன்று சிரித்தவர்களுக்கு: ராசாத்தி அக்காவுக்கு எதுவும் தெரியாது. இன்னாசி மாமாவின் கண்ணில் எந்தக் கோளாறும் இருந்ததில்லை. சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.